குளத்தில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? மீன்பாசி குத்தகை, தூண்டில், படகு குறித்து ஒரு கேள்வி

குளத்தங்கரை எழுதியது:

அவிநாசிக்கு வடக்கே உள்ள எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதி, விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிறது. இந்தக் குளம் கரை தொட்டு நின்றதை என் வாழ்நாளில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மற்ற ஆண்டுகளில் அது சீமைக் கருவேலம் மண்டிய மேய்ச்சல் காடாகவும், பையன்கள் பந்து விளையாடும் இடமாகவுமே கிடந்தது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பிறகு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் எடுக்கப்படும் உபரிநீர் ஆறு நீரேற்று நிலையங்களைக் கடந்து குழாய் வழியாக எங்கள் குளத்துக்கும் வந்து சேர்ந்தது. குழாய் வாயில் முதலில் காற்று சீறி, பிறகு செம்மண் கலங்கலாகத் தண்ணீர் கொட்டிய அன்று, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று, "இனிக் கிணத்துல தண்ணி ஏறுமுங்க" என்று மட்டும் சொன்னார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் காத்திருந்த தண்ணீர் அது.

தண்ணீர் வந்ததும் ஆசைகளும் வந்தன. மீன்பாசி குத்தகையை, அதாவது குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, ஏலம் விட்டால் வருமானம் கிடைக்கும் என்கிறார்கள் சிலர். மிதிபடகு விட்டு, கரையில் நடைபாதை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து குடும்பங்கள் வந்து போகும்படி செய்ய வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். இவர்களுக்கு நடுவே, மாலை நேரத்தில் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். இவர்களுக்காகப் பேசுவதற்கு யாரும் இல்லை. பனியன் கம்பெனி வேலை முடிந்து வருபவர்களும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும்தான் அவர்கள். குத்தகை விட்டுவிட்டால் முதலில் விரட்டப்படுபவர்கள் இவர்களாகவே இருப்பார்கள் என்பது என் கவலை.

பக்கத்து ஊரில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குத்தகைக்குக் கணக்கு வைக்கும் பசலி ஆண்டு (வருவாய்த்துறை ஆண்டு) ஜூன் 30 அன்று முடிவதற்குள் மீன் முழுவதையும் அள்ளிவிட வேண்டும் என்று, குத்தகை எடுத்தவர் மே மாதத்தில் இரவோடு இரவாக மதகைத் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் சேற்றில் மீன் பிடித்தார்கள். அந்தக் கோடையில் ஆடு மாடுகளுக்குக் குடிக்கக் கூட அந்தக் குளத்தில் தண்ணீர் மிஞ்சவில்லை.

நான் செய்திருக்கும் வேலை ஒன்று உண்டு. எங்கள் மதகின் படிக்கட்டில் பதினாறு படிகள் உள்ளன. நீர்மட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஞாயிறுதோறும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நவம்பர் தொடக்கத்தில் மேலிருந்து நான்காம் படி வரை தண்ணீர் இருந்தது. இப்போது, ஏப்ரல் நடுவில், பதின்மூன்றாம் படி வெளியே தெரிகிறது. மே 1 கிராம சபையில் இந்தப் பேச்சு வரப்போகிறது. அதற்கு முன் எதை முடிவு செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

வலைக்கட்டு எழுதியது:

அண்ணா, வணக்கம். குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை என்ற முறையில் இதை எழுதுகிறேன். கீழ்பவானிப் பாசனப் பகுதியில் என் அப்பா இருபது ஆண்டுகளாகக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தார். நீங்கள் சொன்னதைப் போல மதகைத் திறந்து குளத்தை வடித்தவர்கள் உண்டு. அது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஏலத் தொகையை முன்பே கட்டிவிட வேண்டும். மீன்குஞ்சு வாங்க வேண்டும், இரவுக் காவலுக்கு ஆள் வைக்க வேண்டும், பரிசலும் வலையும் ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கினால் ஒரு வாரத்தில் சிறு குஞ்சுகளில் பாதி போய்விடும். இத்தனைக்கும் பிறகு மழை பொய்த்துத் தண்ணீர் வற்றினால், போட்ட பணம் சேற்றோடு போக வேண்டியதுதான். அந்த நட்டத்தை யாரும் ஈடு செய்ய மாட்டார்கள். ஓராண்டுக்கு மட்டும் உரிமை என்றால், அடுத்த ஆண்டு குளம் எப்படி இருக்கும் என்பதைப் பற்றிக் குத்தகைக்காரர் ஏன் கவலைப்படப் போகிறார்?

தூண்டில்காரர்களைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை உறுத்தியது. என் அப்பா அவர்களை விரட்டியதுண்டு. தூண்டிலில் போகும் மீனால் அவருக்குப் பெரிய நட்டம் வந்ததில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தூண்டில் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இரவில் வீச்சு வலையோடு வருபவர்களைப் பிரித்தறிய முடியாமல்தான் எல்லோரையும் விரட்டினார். பகலில், குறிப்பிட்ட ஒரு கரையில் மட்டும், தூண்டிலுக்கு அனுமதி என்று ஏல விதிமுறையிலேயே எழுதிவிட்டால், அந்தச் சச்சரவே எழாது. ஏலம் கேட்பவர் அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்பார்.

விரலி எழுதியது:

நான் அரசு மீன் பண்ணையில் களப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தபோது, மதகுப் படியில் நீர்மட்டம் குறிக்கும் அந்த நோட்டுத்தான் இந்த இழையிலேயே மிக முக்கியமான பொருள் என்று எனக்குப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

குத்தகைக் குளங்களில் விடப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளுக்கு உரியவை. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், மூன்றையும் சேர்த்து விட்டால் குளத்தின் இரை முழுவதும் பயன்படுகிறது. ஆனால் தேங்கிய குளத்து நீரில் இவை முட்டையிட்டுப் பெருகுவதில்லை; ஓடும் வெள்ளம் அவற்றுக்கு வேண்டும். 1957இல் மீன் அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி கட்டாக்கில் ஊசி மூலம் சினைப்படுத்தும் முறையைக் கண்ட பிறகுதான், வேண்டிய அளவுக்குக் குஞ்சுகள் பண்ணைகளிலேயே கிடைக்கத் தொடங்கின. ஆகவே இந்த மீன்கள் உங்கள் குளத்தில் இருக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் குஞ்சு விட்டாக வேண்டும், விட்ட குஞ்சு ஒரு கிலோ எடையை எட்டுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு தண்ணீர் நின்றாக வேண்டும்.

இப்போது உங்கள் குளத்துக்கு வருவோம். அத்திக்கடவுத் திட்டத்தில் விநாடிக்கு 250 கன அடி வீதம் எழுபது நாள்களுக்கு உபரிநீர் எடுப்பதாகக் கணக்கு; அது ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. (150 கோடி கன அடி) ஆகிறது. அந்த ஒன்றரை டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பவானியில் உபரி இருந்தால்தான் தண்ணீர் வரும். அதோடு, இந்தத் திட்டத்தின் முதல் நோக்கமே நிலத்தடி நீரைச் செறிவூட்டுவது. அதாவது, உங்கள் குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகவே கொண்டு வரப்படுகிறது. அது இறங்குவதால்தான் அந்தப் பெரியவரின் கிணற்றில் ஊற்று எழும்புகிறது. ஆகையால் நீர்மட்டம் ஒன்பது படி குறைந்ததைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் நவம்பரில் நிரம்பி ஏப்ரலில் பதின்மூன்றாம் படிக்கு இறங்கும் குளத்தில், நான்கு செண்டிமீட்டர் குஞ்சை விட்டுவிட்டு அடுத்த தீபாவளிக்குப் பெரிய மீனை எதிர்பார்ப்பது வீண்.

இத்தகைய குளங்களில் பத்து செண்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சுகளான விரலிகளை, எண்ணிக்கையைக் குறைத்து, தண்ணீர் நிரம்பிய உடனே விட வேண்டும். பெரிய விரலி நீர்க்காகத்துக்கும் விராலுக்கும் எளிதில் இரையாகாது. ஓராண்டு காத்திராமலே விற்கும் அளவை எட்டிவிடும். மார்ச் கடைசியில், தண்ணீர் இன்னும் சில படி இருக்கும்போதே பிடித்து முடித்துவிட்டால், குளத்தை வடிக்க வேண்டிய தேவையே எழாது. பிடிப்பு முடிய வேண்டிய படி எது என்பதை ஏல நிபந்தனையில் எழுத முடியும். அதற்கு அந்த நோட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுக் கணக்கு வேண்டும்.

ஜிலேபி மீனைப் பற்றியும் ஒரு சொல். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீனை யாரும் விட வேண்டியதில்லை, வாய்க்கால் வழியாகத் தானே வந்துவிடும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. ஆண்டுக்குப் பல முறை இனப்பெருக்கம் செய்வதால், சில ஆண்டுகளில் குளம் நிறையக் கையகல ஜிலேபியாகவே இருக்கும், ஒன்றும் அதற்கு மேல் பெரிதாகாது. தூண்டில்காரர்கள் பிடிப்பது பெரும்பாலும் இதைத்தான். அவர்கள் பிடிப்பது குளத்துக்கு நல்லது. அவர்களை விரட்டுவதற்கு மீன்வளம் சார்ந்த காரணம் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எவரும் கொண்டு வந்து விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. அது புகுந்த குளத்தில் நம் நாட்டு மீன் தலையெடுக்க முடியாது.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லோரும் தண்ணீர் மேல்மட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் குளத்தின் அடியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். தறிக்கூடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்கிறோம். எங்கள் ஊர்க் குட்டையில் வண்டல் மண் எடுக்க அனுமதி கொடுத்தபோது, விவசாயிகள் மேல்மண்ணை வழித்துத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள்; அதில் யாருக்கும் தொல்லை இல்லை. அதற்குப் பின்னால் இரவில் பொக்லைன் வந்தது. அவர்களுக்கு வேண்டியது வண்டல் இல்லை, அதன் கீழே இருக்கும் செம்மண்ணும் கிராவலும். ஒரே இடத்தில் நேர்க்குத்தாகப் பதினைந்து அடிக்குத் தோண்டி எடுத்துவிட்டுப் போனார்கள். காய்ந்திருந்தவரை அந்தக் குழி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தண்ணீர் நிரம்பியதும் குட்டை முழுவதும் ஒரே மட்டமாகத் தெரிந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து போன என் அக்கா மகன் அடுத்த அடியில் காணாமல் போனான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சேலையை வீசி இழுத்ததால் அவன் இன்று உயிரோடு இருக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் அந்த நேரத்தில் அங்கே ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆகவே, குளத்தங்கரை அண்ணா, படகு விடுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், இப்போது குளம் வற்றியிருக்கும் இந்த ஏப்ரல், மே மாதத்திலேயே குளத்துக்குள் நடந்து பார்த்து, எங்கெங்கே குழி இருக்கிறது என்று குறித்துவையுங்கள். மூட முடிந்ததை மூடச் சொல்லுங்கள். மூட முடியாத இடத்தில், தண்ணீர் நிறைந்தாலும் தலை தெரியும்படி நீளமான கம்பம் நட்டு, சிவப்புச் சாயம் பூசுங்கள். பிள்ளைகளை நாம் என்னதான் தடுத்தாலும், தண்ணீர் கண்ட இடத்தில் இறங்கத்தான் செய்வார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது; தண்ணீரே இல்லாத ஊரில் அவர்கள் எங்கே கற்றிருப்பார்கள்?

நொய்யல்கரை எழுதியது:

தறிச்சத்தம் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான் சென்னிமலைப் பக்கத்துக்காரன். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் கதை எல்லோருக்கும் தெரியும். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, மீன் செத்து மிதந்து, அணையே வேண்டாம் என்று விவசாயிகள் வழக்குப் போடும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. நான் இங்கே அதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், குளத்துக்குள் குழாயில் வரும் தண்ணீர் மட்டும் வருவதில்லை என்பதுதான். மழை நாளில் பள்ளம், ஓடை வழியாக வருவதும் அதே குளத்துக்குத்தான் வருகிறது. ஊருக்கு மேற்கே புதிதாக வீட்டுமனைகள் போட்டிருந்தால், சாக்கடை எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள்.

மீன் அதை முதலில் சொல்லிவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தால், இரவெல்லாம் பாசி உயிர்வளியைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். தண்ணீர் பச்சை நிறமாகி ஆகாயத்தாமரை படரத் தொடங்கினால் கழிவு வருவது உறுதி. கோழிக் கழிவை மீனுக்குத் தீவனமாகக் கொட்டும் குத்தகைக்காரர்களாலும் இதே நிலை வரும். அதையும் நிபந்தனையில் தடை செய்யுங்கள்.

நாரைக்கண் எழுதியது:

திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வாராவாரம் பறவை பார்க்கப் போகிறவன் நான். சுமார் 125 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு, எல்லாக் குளத்தையும் சரணாலயம் ஆக்கிவிட வேண்டும் என்று கேட்பவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர் மக்கள் இறங்கிப் புழங்காத குளத்தைக் கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும். மறந்த குளத்தில்தான் பொக்லைன் இறங்கும்.

ஆனால் படகு பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆழியாறு அணையில் படகு ஓடுகிறது என்றால், அது 120 அடி உயர நீர்த்தேக்கம். கோவை வாலாங்குளத்தில் படகு இல்லம் இருக்கிறது என்றால், மாநகரத்துக் கழிவுநீர் உட்பட ஆண்டு முழுவதும் நீர்வரத்து இருப்பதால் அங்கே தண்ணீர் வற்றுவதில்லை. உங்கள் குளத்தில் ஐந்து மாதம் மிதந்த படகு ஏழு மாதம் சேற்றில் கிடக்கும். வலசைப் பறவைகள் வருவதோ அக்டோபர் முதல் மார்ச் வரை; படகு விடத் தண்ணீர் இருப்பதும் அதே மாதங்களில்தான். நடைபாதைக்கு நான் எதிரி இல்லை. கரை மேல் மண் பாதையாக, மின்விளக்கு இல்லாமல், வேம்பும் புங்கனும் நட்டு வையுங்கள். ஒரு பக்கக் கரையையாவது யாரும் போகாமல் கோரையோடு விட்டுவிடுங்கள். நாமக்கோழியும் முக்குளிப்பானும் அங்கேதான் கூடு கட்டும். விராலும் அங்கேதான் குஞ்சு பொரிக்கும்.

குளத்தங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. விரால் என்றதும் நினைவுக்கு வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பரில் கோரைக்கு நடுவே, ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் சிவப்பாகத் தண்ணீர் கொதிப்பதைப் போலத் தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒரே பந்தாகச் சுழன்றுகொண்டிருந்தன. அடியில் இருட்டாகத் தாயும் தகப்பனும் நின்றன. முப்பது ஆண்டு வறண்டு கிடந்த குளத்தில் இவை எங்கிருந்து வந்தன என்று திகைத்துவிட்டேன். அப்போது என்னோடு இருந்த பனியன் கம்பெனிப் பையன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, "குஞ்சோட இருக்குதுங்க, வேண்டாம்" என்று சொல்லி வேறு இடத்துக்குப் போய்விட்டான். தாயைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை ஜிலேபியும் மற்ற மீன்களும் அரை நாளில் தின்று தீர்த்துவிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனைக் குளத்தை விட்டு விரட்டும் தீர்மானத்துக்கு என்னால் கை தூக்க முடியாது.

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து, கிராம சபையில் நான் கேட்கப் போவது இது: வருகிற பசலிக்குக் குத்தகை ஏலம் வேண்டாம். ஊராட்சியே பெரிய விரலிகளைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்கி விடட்டும். மார்ச்சில் பிடித்து ஊருக்குள்ளேயே விற்கலாம். தெற்குக் கரையில் பகலில் தூண்டிலுக்கு அனுமதி, இரவில் எந்த வலையும் கூடாது, வடக்குக் கரையின் கோரையை யாரும் தொடக் கூடாது. படகுப் பேச்சை இரண்டு ஆண்டு நீர்மட்டக் கணக்குக் கையில் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். எங்கள் குளத்தின் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) நூறு ஏக்கருக்குக் குறைவு என்பதால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வருகிறது. எனவே தீர்மான நகலை அங்கேயும் கொடுக்க வேண்டும்.

குழிகளைப் பற்றித் தறிச்சத்தம் எழுதியது கிராம சபை வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன், எட்டுப் பேர் குளத்துக்குள் வரிசையாக நடக்கப் போகிறோம். தண்ணீர் இன்னும் நிற்கும் பகுதியை எப்படி அளப்பது என்றுதான் தெரியவில்லை.

வலைக்கட்டு எழுதியது:

அண்ணா, ஓராண்டு ஏலம் வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தம் உண்டு. மூன்றாண்டு உரிமையாகக் கொடுத்தால் குத்தகைக்காரரும் குளத்தைக் காப்பார் என்பது இப்போதும் என் எண்ணம். அதைக் கிராம சபையில் பதிவு செய்யுங்கள். அளப்பதற்கு அப்பாவின் பரிசல் இன்னும் எங்கள் தொழுவத்தில் கவிழ்த்துக் கிடக்கிறது. தார் பூசினால் மிதக்கும். பதினெட்டு அடி மூங்கிலில் அடிக்கு ஒரு சாயக்கோடு போட்டு எடுத்து வருகிறேன். சனிக்கிழமை இரவே வந்துவிடுவேன். பரிசலை இறக்க மட்டும் இரண்டு ஆள் வேண்டும்.

தறிச்சத்தம் எழுதியது:

சிவப்புச் சாயம் வாங்கும் செலவு என்னுடையது. குழி ஒன்றுக்கு ஒரு கம்பம் என்று எண்ணிச் சொல்லுங்கள்.